ஆலமரத்திலிருந்து இறக்கிய இளங்கொடி

நான் ஸ்டாண்டில் நிற்கிற நேரத்தில் என் மனைவி எனக்குப் போன் எடுப்பதில்லை. திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறவன் நான். போனில் கதைத்துக்கொண்டு நின்றால் வருகிற ஹயர் அடுத்தவனுடைய ஓட்டோவில் ஏறிவிடும் என்பது அவளுடைய எண்ணம். அதில் உண்மையும் உண்டு. ஆகவே அன்று காலை போன் திரையில் அவளைக் கண்டதும் ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கிவிட்டது. என்ன என்பதுதான் விளங்கவில்லை.

“கண்டை விழுத்திப்போட்டுதப்பா,” என்றாள்.

எங்கள் வளவில் அப்போது கன்றுத்தாச்சியாக நின்றது ஒரே ஒரு மாடு. நெற்றியில் வெள்ளை விழுந்த செங்காரி. சினைக்கு ஏழு மாதம் அளவில் இருக்கும்; காலம் வர முன்னமே கன்று விழுந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் போனால், கன்று போட்டதும் கறக்கிற கடும்புப்பால் யார் யாருக்குக் கொடுப்பது என்பதுவரை என் மனைவி யோசித்து வைத்திருந்தாள். மாடு அவளுடையது. நாகுக் கன்றாக வாங்கி, தானே புல்லறுத்துப் போட்டு வளர்த்தது. நான் அந்த வீட்டில் மாட்டுக்குச் சொந்தக்காரியின் புருஷன், அவ்வளவுதான்.

“நான் இப்ப வாறன்,” என்றேன்.

“நீங்கள் வந்து என்ன செய்யப் போறியள்? மாட்டு டொக்டருக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ.”

ஸ்டாண்டில் என்னோடு நிற்கிறவர்கள் காதைக் கொடுத்துக்கொண்டுதான் நின்றார்கள். போனை வைக்க முன்னமே காரணங்கள் வரத் தொடங்கின.

“கண்ணூறு. வேறென்ன? றோட்டுக்குத் தெரியக் கட்டினா இப்பிடித்தான்.”

“வெயில் அண்ணே, வெயில். மனிசனே கருகிப்போறான்.”

“ஆரோ மாட்டை மறிச்சு அடிச்சிருக்கிறாங்கள். உள்ளுக்க அடி பட்டிருக்கும்.”

எங்கள் ஸ்டாண்டில் ‘தெரியாது’ என்று சொல்லும் வழக்கம் கிடையாது. கப்பல் ஏன் வரவில்லை என்று கேட்டாலும், தேங்காய் விலை ஏன் ஏறியது என்று கேட்டாலும், நிற்கிற ஓட்டோ எத்தனையோ அத்தனை காரணம் உடனே கிடைக்கும். நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன். பிறகு படித்ததெல்லாம் சனத்தின் வாயிலிருந்துதான். காரணம் சொல்கிற மனிதரைக் கண்டால் எனக்கு அலுப்பதே இல்லை. அன்று மட்டும் நின்று கேட்க நேரம் இருக்கவில்லை.

பாலையூற்றில் எங்கள் வீட்டுக்குப் போனபோது மாடு கொட்டிலில் நின்றபடியே நின்றது. அதன் பின்னால், கன்றைத் தொடர்ந்து விழ வேண்டிய இளங்கொடி பாதி வெளியே வந்து, சிவப்பும் சாம்பலுமாக முழங்கால்வரை தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் உள்ளே. மாடு தலையைத் திருப்பித் திருப்பித் தரையை மணந்து பார்த்தது. கன்று அங்கே இல்லை.

மச்சான் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றான். மச்சான் என்றது என் மனைவியின் தம்பி. அடுத்த வளவுதான் அவனுடைய வீடு. துறைமுகத்தில் கப்பல் வந்து அணைகிறபோது கயிறு வாங்கிக் கட்டுகிறவர்களில் ஒருவன். அவன் கை இரண்டும் கயிறு அறுத்து அறுத்து எப்போதும் உரிந்துதான் இருக்கும்.

“தென்னையடியில தாட்டிட்டன் அத்தான்,” என்றான். “நாம்பன் கண்டு. மயிர் கூட வடிவா முளைக்கேல்ல.”

“நாம்பன்தானே, பால் தராத கண்டுதானே எண்டு சொல்லுறியோ?” என்று அக்காக்காரி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“நான் அப்பிடிச் சொல்லேல்லையே!”

“உன்ர குரல் சொல்லிச்சுது.”

மச்சான் பிறகு தன்னுடைய வைத்தியத்தைத் தொடங்கினான். தொங்குகிற கொடியில் ஒரு பழைய செருப்பைக் கட்டிவிட்டால் பாரத்துக்கு இறங்கிவிடும் என்றான். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். அவன் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்க, டொக்டர் போனில் சொன்னதை நான் சொன்னேன்: ஒன்றும் கட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, தான் வரும்வரை கிட்டப் போகக் கூடாது.

“செருப்பும் கட்டக் கூடாதோ?”

“செருப்பும்தான்.”

“அப்ப கொடி விழ மூங்கில் இலையாவது குடுப்பம். அதுக்கும் அவவிட்டக் கேட்கோணுமோ?” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மூங்கில் இருப்பது கோயில் குளத்துக்கு அந்தப் பக்கம். அவன் அந்த நேரத்தில் போனதுதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வழி விட்டது. போகிறவனை நாங்கள் யாரும் மறிக்கவில்லை.

டொக்டர் ஸ்கூட்டரில் வந்தா. கிண்ணியாவைச் சேர்ந்த பிள்ளை. பாலத்தைத் தாண்டித் தினமும் வேலைக்கு வருகிறவ. வயது முப்பதுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும். தோள்வரை வருகிற பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு, கொடியை இழுக்காமல், உள்ளே கையை விட்டுப் பார்த்தா. மாடு ஒருமுறை முதுகை வளைத்தது. என் மனைவி அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “நில்லம்மா, நில்லு, நம்மட ஆள்தான்,” என்று சொல்லிக்கொண்டே நின்றாள். டொக்டர் அதைக் கேட்டுச் சிரித்தா.

“இது தானா விழும் அக்கா. இண்டைக்கோ நாளைக்கோ. இழுத்தா உள்ளுக்க கிழிஞ்சு போயிரும். பேந்து அடுத்த கண்டைப் பற்றிக் கதைக்கவே ஏலாது.”

ஊசி இரண்டு போட்டா. பிறகு வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டா: “கண்டு எங்க?”

“தம்பி தாட்டிட்டான்.”

“வெறுங் கையாலயா?”

என் மனைவி மாட்டின் கழுத்தில் இருந்த தன் கையைப் பார்த்தாள். வெறுங்கையால்தான். அவளும் வெறுங்கையால்தான் அதைத் தூக்கிக் கொடுத்தவள். டொக்டர் அவளுடைய கையைப் பார்த்தா, பிறகு மாட்டைப் பார்த்தா, பிறகு வளவின் மற்ற மூலையில் கட்டி நின்ற நாகைப் பார்த்தா. அந்த நாகு இதே மாட்டின் முதல் கன்று. வளர்ந்து பருவத்துக்கு வந்துகொண்டிருந்தது.

“ஒளிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாதக்கா. ஏழு மாசத்தில விழுத்துறதுக்குக் கனக்கக் காரணம் இருக்கு. அதில ஒண்டு புரூசெல்லா எண்டு ஒரு நோய். மாட்டில இருந்து மாட்டுக்குப் போகும். மனிசருக்கும் வரும். பாலால வரும், இந்தக் கொடியைத் தொட்டாலும் வரும். அதா எண்டு பார்க்கோணும்.”

“அதா இருந்தா?”

“அதா இருந்தா இந்த மாட்டை வச்சிருக்க ஏலாது.”

“வச்சிருக்க ஏலாதெண்டா?”

“பட்டியில வைக்க ஏலாது. சினைப்படுத்தவும் ஏலாது. எடுத்துக்கொண்டு போயிருவாங்க. அதுக்கு ஒரு முறை இருக்கு.” முறை என்னவென்று அவ சொல்லவில்லை. என் மனைவி மாட்டின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

டொக்டர் கழுத்து நரம்பில் இரத்தம் எடுத்தா. நாகிலும் எடுத்தா. பிறகு விவரமாகச் சொன்னா: இரத்தம் மட்டும் போதாது, கொடியில் ஒரு துண்டு வேணும். விழுந்த உடனே தொடாமல், ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி வையுங்கள். நாய் காகம் கிட்ட வரக் கூடாது. எனக்குப் போன் அடியுங்கள், ஐஸ் பெட்டியோடு வருகிறேன். மாட்டையும் நாகையும் தூரத் தூரக் கட்டுங்கள். சுரக்கிற பாலைக் குழியில் ஊற்றுங்கள். ஒருவரும் குடிக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினோம். வாளியும் அப்போதே எடுத்து வைத்தாயிற்று.

மச்சான் மூங்கில் இலைக் கட்டோடு வந்தபோது டொக்டர் போய்விட்டிருந்தா. அவனுக்கு என் மனைவி, கை காலைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவு, நோய் இருக்கலாம் என்று சொன்னாள். பாலைப் பற்றியும் சொன்னாள். வாளியைப் பற்றிச் சொன்னாளா? சொன்னேன் என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். சொல்லவே இல்லை என்று அவன் இன்றைக்கும் சொல்கிறான். நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் விடிய என் மனைவி கொட்டிலுக்குப் போனாள். மாட்டின் பின்னால் ஒன்றும் தொங்கவில்லை. கீழேயும் ஒன்றும் இல்லை. வாளி மட்டும் வைத்த இடத்தில் கவிழ்ந்தபடி இருந்தது. தூக்கிப் பார்த்தாள். வெறும் தரை.

“நாய் கொண்டு போயிட்டுதோ?” என்று அவள் கத்த, வேலிக்கு மேலால் மச்சானின் தலை தெரிந்தது. வாயில் பல்லுத் தூரிகை.

“எதை?”

“கொடியை!”

“ஓ, அதோ?” துப்பிவிட்டுச் சொன்னான், முகமெல்லாம் சந்தோஷம். “அதெல்லாம் முடிச்சாச்சு அக்கா. இருட்டோட வந்து பார்த்தனான், விழுந்து கிடந்தது. நீங்கள் படுத்திருக்கிறியள், ஏன் எழுப்புவான் எண்டு நானே பையில போட்டு ஆலமரத்தில கட்டிப்போட்டு வந்திட்டன்.”

இந்த இடத்தில் ஆலமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கை பஸ் றோட்டில் போய் ஏறுகிற மூலையில் அது நிற்கிறது. மாடு கன்று போட்டால் இளங்கொடியை ஒரு உரப்பையில் போட்டு, பால் வடிகிற மரத்தில், நாய் எட்டாத உயரத்தில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மரத்தில் பால் மாதிரி மாட்டிலும் பால் என்பது நம்பிக்கை. அந்தக் கிளைகளில் எப்போது பார்த்தாலும் நாலைந்து பைகள் தொங்கும். காய்ந்து, சுருங்கி, வெயிலில் நிறம் போய். நிலாவெளி ஹோட்டலுக்கு ஒருமுறை வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றை ஏற்றிக்கொண்டு போகையில், ஓட்டோவை நிற்பாட்டச் சொல்லி அந்தப் பைகளைப் படம் எடுத்தார்கள். என்ன அது என்று கேட்டார்கள். இளங்கொடிக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாது. யோசித்துப் பார்த்து, ‘கவ், பேபி, ஹவுஸ்’ என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டார்கள். மாட்டுக் குட்டிகள் மரத்தில் வசிக்கின்றன என்று விளங்கிக்கொண்டார்களோ என்னவோ.

அந்தப் பைகளைக் கட்டுவது பெரும்பாலும் மச்சான்தான். கப்பல் கட்டுகிறவன் கட்டினால் புயலுக்கும் விழாது என்று ஒழுங்கை முழுக்க அவனைத்தான் கூப்பிடும்.

கொடி விழுந்தது என்று போன் எடுத்ததும் டொக்டர் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினா. நடந்ததை என் மனைவி சொல்லும்போது டொக்டரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவ கோபப்படவில்லை. “எங்கட பக்கத்திலயும் மரத்தில கட்டுறவங்க இருக்காங்க,” என்றா. பிறகு மச்சானைப் பார்த்து, “கட்டின கை தானே, கழட்டவும் வேணும்,” என்று ஒரு சோடிக் கையுறையை நீட்டினா.

ஆலமரத்தடியில் நாங்கள் நாலு பேரும் போய் நிமிர்ந்து பார்த்தோம். பைகள் தொங்கின.

“இதில எது?” என்றா டொக்டர்.

மச்சான் கையை நீட்டினான். பிறகு கையை வேறு பக்கம் நீட்டினான். “எல்லாம் நான் கட்டினதுதான்,” என்றான்.

“அது விளங்குது. இண்டைக்குக் கட்டினது எது?”

“இருட்டோட ஏறினனான் டொக்டர். மரம் ஒண்டுதான். கிளை எதெண்டு…”

அப்போது ஒரு காகம் வந்து ஒரு பையில் உட்கார்ந்து அலகால் கொத்தியது. மற்றப் பைகளை அது திரும்பியும் பார்க்கவில்லை. “அந்தா, அதுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றாள் என் மனைவி.

மரத்தடியில் கடலை விற்கிற மனிசி ஒருத்தி இருக்கிறா. அவ தன் கடகத்தை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டா. “தங்கச்சி, கட்டினதை இறக்கப்படாது. மாட்டுக்குப் பால் வத்திப்போம்.”

“பால் வத்துறதுக்கு முதல்ல மாடு நிக்கோணுமே அக்கா,” என்றாள் என் மனைவி.

“கண்டு இல்லாத கொடியைக் கட்டினதே பிழை. ஆர் கட்டச் சொன்னது?”

“கண்டு இல்லாட்டிலும் கொடி கொடிதானே,” என்றான் மச்சான் மரத்தில் கால் வைத்தபடி. “கண்டு செத்தா கட்டப்படாதெண்டு ஆர் சொன்னது? சொல்லுங்கோ பார்ப்பம்.”

அவ சுற்றி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தா. பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் கட்டலாம் என்றார், இன்னொருவர் புதைக்கத்தான் வேண்டும் என்றார். வழக்கம் கன்று உயிரோடு இருக்கும் வீட்டுக்கு என்றுதான் வந்திருக்கிறது. இல்லாத வீட்டுக்கு என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

மச்சான் தோள்வரை வெள்ளைப் பிளாஸ்டிக் போட்ட கையோடு மேலே ஏறினான். நிலாவெளி பஸ் ஒன்று மெதுவாகப் போக, ஜன்னல் நிறைய முகங்கள். கிளையில் குந்தி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். கையுறை வழுக்கியது. திரும்பவும் பார்த்தான். முடிச்சு அசையவில்லை.

“டொக்டர், இதைக் கழட்டவோ?”

“எதை?”

“கையுறையை.”

“கழட்டக் கூடாது!”

“அப்ப முடிச்சு வராது. இது கப்பல் முடிச்சு.”

“வெட்டடா!” என்றாள் அக்காக்காரி.

“நான் போட்ட முடிச்சை நானே வெட்டுறதோ? துறைமுகத்தில கேள்விப்பட்டா…”

“துறைமுகத்துக்கு நான் வந்து சொல்லுறன். வெட்டு!”

கத்தி மேலே போனது. பை கீழே வந்தது. டொக்டர் அதை ஒரு பொலித்தீன் விரிப்பில் வைத்துத் திறந்து, எறும்பு மொய்க்காத ஒரு இடத்தில் துண்டு வெட்டிப் போத்தலில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்தா. சுத்தமான துண்டு என்று சொல்ல ஏலாது, ஆனாலும் அனுப்பிப் பார்ப்போம் என்றா. மிச்சத்தை எங்கள் வளவின் மூலையில் ஆழக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். கடலை விற்கிற மனிசி கடைசிவரை நின்று பார்த்துவிட்டு, “இனி என்ன, பார்ப்பம்,” என்று சொல்லிவிட்டுத் தன் கடகத்தைத் திறந்தா.

அதற்குப் பிறகு காத்திருப்பு. முதல் இரத்தத்தில் தெரியாமலும் போகலாம், சில கிழமை கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நம்பலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தா. சில கிழமை என்பது வாயால் சொல்லுகையில் சின்னது.

மாட்டையும் நாகையும் வளவின் இரண்டு தொங்கலில், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் கட்டினோம். தாய் ஒரு சத்தம் வைக்கும். மகள் பதில் சொல்லும். இடையில் எங்கள் வீடு. விழுத்தின மாடு என்றாலும் கொஞ்சம் பால் சுரந்தது. என் மனைவி காலையும் மாலையும் கையுறை போட்டுக்கொண்டு கறந்தாள். கறந்த பாலைக் கொண்டுபோய்க் குழியில் ஊற்றினாள். ஒருநாளும் தரையில் சிந்தவில்லை. ஊற்றப் போகிற பால்தானே என்று நான் ஒருமுறை சொன்னேன். அதற்கு அவள், “ஊத்துறதெண்டாலும் ஒழுங்கா ஊத்தோணும்,” என்றாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு வசனம் வராது.

மச்சானுக்கு வேறு பிரச்சினை. காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், மாட்டைத் தொட்டதையும் சொல்லுங்கள் என்று டொக்டர் அவனுக்குச் சொல்லியிருந்தா. கை வேறு உரிந்த கை. அன்றிலிருந்து அவன் கயிறு இழுக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தான். தன் நெற்றியை நம்பாமல் என்னுடைய நெற்றியையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்ப்பான்.

“உங்களுக்கும் சூடாத்தான் இருக்கு அத்தான்.”

“வெயிலுக்க ஓட்டோ ஓடிட்டு வாறன், குளிராவோ இருக்கும்?”

“அப்ப எனக்கும் வெயில்தான்,” என்று நிம்மதியாகப் போவான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவான்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் கிண்ணியா மாட்டு வியாபாரி வந்தார். நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். நாகுக் கன்றாக இந்த மாட்டை எங்களுக்கு விற்றவரே அவர்தான். விற்கும்போதும் வருவார், வாங்கும்போதும் வருவார், இறைச்சிக்கும் கொடுப்பார். மோட்டார் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு வளவுக்குள் பார்த்தார்.

“தங்கச்சி, கேள்விப்பட்டன். நான் மாடு கேட்டு வரல்ல. பாத்துட்டுப் போவம் எண்டுதான் வந்தன்.”

“நீங்கள் பார்த்தா மாட்டைத் தராசில நிறுத்த மாதிரியெல்லோ நானா,” என்றாள் என் மனைவி. சிரிக்காமல்தான் சொன்னாள்.

அவர்தான் சிரித்தார். “அது கண்ணுட பழக்கம். நான் என்ன செய்ய?” கதிரையில் உட்கார்ந்தார். மாட்டைத் திரும்பிப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக் கதைத்தார். “வருத்தம் எண்டா எனக்கு வேணா. எண்ட பட்டியிலயும் மாடு நிக்கிது. வருத்தம் இல்லாட்டி ஒங்களுக்கு வேணும். அப்ப நான் இப்ப என்னத்துக்குக் கதைக்கணும்? தேத்தண்ணி இரிந்தாத் தாங்க.”

தேத்தண்ணீர் கொடுத்தாள். பால் இல்லாத தேத்தண்ணீர். அவர் அதையும் கவனித்தார். குடித்துவிட்டுப் போகும்போது வேலியடியில் நின்று, “நல்ல சாதி மாடு தங்கச்சி. நான் எல்லாருக்கும் இப்பிடிச் செல்றல்ல,” என்றார். எல்லாருக்கும் அவர் அப்படித்தான் சொல்கிறவர். ஆனாலும் அன்று அது எங்கள் வீட்டில் வேலை செய்தது. என் மனைவி அன்றிரவு மூன்று பேருக்குத் தேவையான புட்டு அவித்து இரண்டு பேருக்குப் பரிமாறினாள். மிச்சத்தை மச்சானுக்குக் கொடுத்து அனுப்பினாள். அவன் கட்டின பைக்காக அவனோடு கதையாமல் இருந்தவள், அன்றோடு கதைக்கத் தொடங்கினாள்.

இரண்டாம் தடவை இரத்தம் எடுத்த பிறகு, ஒரு நாள் மத்தியானம் டொக்டரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. போனில் சொல்லியிருக்கலாம். வந்து சொல்கிறா என்றால் ஒன்றில் மிகவும் நல்லது, அல்லது மிகவும் கெட்டது என்று எனக்குப் பட்டது. நான் அப்போது சாப்பிட வந்திருந்தேன். என் மனைவி நாகின் பக்கத்தில் வைக்கல் போட்டுக்கொண்டிருந்தவள், வைக்கலைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

“அந்த நோய் இல்லை அக்கா,” என்று ஸ்கூட்டரை நிற்பாட்ட முன்னமே சொல்லிவிட்டா டொக்டர். “ரெண்டிலயும் இல்லை. கொடியிலயும் ஒண்டும் பிடிபடேல்ல. இந்தப் பக்கமா வேறொரு வேலைக்கு வந்தனான், அதுதான் நேரில சொல்லுவம் எண்டு.”

என் மனைவி வைக்கலை நாகுக்கு முன்னால் போட்டாள். கைகளைத் தட்டினாள்.

“அப்ப ஏன் விழுத்தினது?”

“தெரியாது அக்கா.”

“தெரியாதோ?”

“தெரியாது. தேடுற நோய்களில ஒண்டும் இல்லை. சில நேரம் அப்பிடித்தான் நடக்கும். ஏனெண்டு கண்டுபிடிக்க ஏலாமலே போயிரும்.”

மாடு நிற்கப் போகிறது. அது தெரிந்துவிட்டது. ஆனால் அவள் இவ்வளவு நாளும் அந்த நோயின் பெயரைச் சொல்ல வராமல் ‘அந்தப் புரு’ என்று சொல்லிச் சொல்லி அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள். இப்போது சண்டை போட ஆள் இல்லை. கண்ணூறு, வெயில், அடி என்று ஸ்டாண்ட் சொன்னதெல்லாவற்றையும் நான் வீட்டில் சொல்லியிருந்தேன். அதில் ஒன்றையாவது டொக்டர் எடுத்துக்கொண்டால் நல்லது என்று அவளுடைய முகத்தில் இருந்தது. டொக்டர் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு டொக்டர் மாட்டைச் சோதித்துப் பார்த்து, உள்ளே சுத்தமாக ஆறிவிட்டது என்றா. இனிமேல் மாடு காளைக்குக் கத்தும், முதல் தடவை கத்தும்போது சினை ஊசி போட வேண்டாம், அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த முறை கூப்பிடுங்கள், உடம்பு தேறட்டும் என்றா. தாயையும் மகளையும் இனிச் சேர்த்துக் கட்டலாம் என்றா.

சேர்த்துக் கட்டினோம். இரண்டும் ஒன்றையொன்று மணந்து பார்த்தன. அவ்வளவுதான். வளவின் இரண்டு தொங்கலிலிருந்து போட்ட சத்தமெல்லாம் அதோடு நின்றது. பாலையும் டொக்டர் இனிப் பாவிக்கலாம் என்று சொன்னா. அன்று பின்னேரம் கறந்த பால் ஒரு சுண்டு அளவுகூட வராது. என் மனைவி அதைக் காய்ச்சி நாலு வீட்டுத் தேத்தண்ணீருக்குப் பகிர்ந்தாள். ஆலமரத்தடிக்கும் ஒரு சின்னப் போத்தல் போனது.

“பால் வத்தேல்லைத்தான்,” என்றாவாம் கடலை விற்கிற மனிசி, போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து. “ஆனா கொஞ்சம் தண்ணி.”

பிறகு ஒரு காலையில் நான் ஸ்டாண்டில் நிற்கையில் போன் அடித்தது. அவள்தான்.

“என்னப்பா?”

போனை எங்கோ பிடித்திருக்கிறாள் என்று விளங்கியது. வைக்கல் சரசரப்பு. பிறகு நீண்ட ஒரு கத்தல், தொண்டையைக் கிழிக்கிற மாதிரி. அது முடிய இன்னொன்று. பின்னால் மச்சானின் குரலும் கேட்டது. “அக்கா, ஒழுங்கை முழுக்கக் கேட்குது! சினை ஊசிக்காரருக்குப் போன் அடிக்கட்டோ?”

“வேண்டாம், கத்தட்டும். டொக்டர் கத்த விடச் சொன்னவ,” என்றாள் அவள். பிறகு என்னிடம், “கேட்டதோ?”

“கேட்டது.”

“சரி, ஹயரைப் பாருங்கோ,” என்று வைத்துவிட்டாள்.

“ஆரண்ணே அது, இந்தக் கத்துக் கத்துறது?” என்றான் பக்கத்து ஓட்டோக்காரன்.

“எங்கட வீட்டு மாடு.”

“ஏனாம்?”

நான் வாயைத் திறக்க முன்னமே ஸ்டாண்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை எல்லாருடைய காரணத்திலும் ஒரு காளை நின்றது; எல்லாமே சரியாகத்தான் இருந்தது.